காய்கறித் தோட்டத்தில் துணைச் செடிகள்

உத்தியோகத்தின் பொருட்டு டில்லி, நாகபுரி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய தமிழர் இல்லங்களில், முன்வாசலில் ஒரு துளசியும் பின்கட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இருப்பதைக் காணலாம். அரசாங்கக் குடியிருப்பில் கீழ்த்தளம் கிடைத்தவர் பாக்கியசாலி. அவர் நாலு பாத்தி போட்டுக் கத்தரி, தக்காளி, முட்டைக்கோசு, கொத்துமல்லி ஆகியவற்றைப் பயிரிட்டுவிடுவார். இவற்றுள் எதன் பக்கத்தில் எதை நடுவது என்பதைப் பெரும்பாலும் இடவசதியே தீர்மானிக்கிறது. எனினும், எந்தச் செடிக்கு எந்தச் செடி நல்ல துணை என்பது மிகப் பழைய வினா. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரும் உழவரும் அதற்கு விடை தேடி வந்துள்ளனர். அவ்விடைகளுள் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இதனை வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியெனக் கருத வேண்டா. நம் குழந்தைகள் உண்ணும் காயின்மீது எவ்வளவு நஞ்சு தெளிக்கப்பட வேண்டும் என்னும் கேள்வியும் இவ்வினாவினுள் அடங்கியிருக்கிறது.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஈடு தேடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, வேளாண்மை பற்றிய ஏடுகளைத் தமிழாக்கும்போது ஒரு வியப்புத் தோன்றுவதுண்டு. ஆங்கிலத் தோட்ட நூல்கள் ஒரே பெயரின்கீழ் அடக்கிவிடும் முறைகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. விதைகளை ஒன்றாகக் கலந்து தூவினால் அது கலப்புப் பயிர். வரிசைகளுக்கு இடையே வேறொன்றை விதைத்தால் ஊடுபயிர். வயலின் கரையில் வைத்தால் வரப்புப் பயிர். பூச்சியைத் தன்பால் இழுத்து, முதன்மைப் பயிரைக் காக்குமாயின் அது பொறிப்பயிர். தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் பருத்தியோடு கொத்துமல்லியைக் கலந்து விதைத்ததையும், நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கு நட்டதையும் இளமையில் கண்டோர் நம்முள் பலர். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரியத்துக்காக ஏற்பட்டவை. இந்த வேறுபாட்டை மறந்து, சேர்த்து நட்டாலே நன்மை எனக் கொள்வதனாலேயே பல தவறான நம்பிக்கைகள் எழுந்தன.

மேலைநாட்டில் இவ்வாராய்ச்சியின் தொடக்கத்தைக் கிரேக்கத்தில் காண்கிறோம். அரிஸ்டாட்டிலின் மாணாக்கரும், கி.மு. நான்காம் நூற்றாண்டில் செடிகொடிகளைப் பற்றி விரிவான நூல் இயற்றியவருமான தியோபிராஸ்டஸ், முட்டைக்கோசின் அருகே திராட்சைக்கொடி செழிப்பதில்லை என்று எழுதினார். கடலைப் பயிர் களைகளை அழிக்கும் என்றும் குறித்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி இக்கருத்துகளைத் தொகுத்து மேலும் பெருக்கினார். நம் வைத்தியர் அருவதா, சதாப்பிலை என்றெல்லாம் அழைக்கும் மூலிகை அத்திமரத்தின் அருகே மிகச் செழிப்பாக வளரும் என்பது அவர் கூற்று. செடிகளுக்குள் நட்பும் பகையும் உண்டு என்று அக்காலத்தவர் நம்பினர். கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை குமுறியபோது பிளினி உயிர் துறந்தார். ஆயினும் அவர் தொகுத்த நட்புப் பகைப் பட்டியல் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பியத் தோட்டக்காரர்களிடையே செல்வாக்குடன் வாழ்ந்தது.

அவர்கள் கூறியன யாவும் கற்பனையென்று தள்ளுதற்கில்லை. அக்ரூட்டு மரத்தின் நிழல் பிற செடிகளுக்குத் தீங்கு செய்யும் என்று பிளினி எழுதியிருந்தார். அமெரிக்காவின் கறுப்பு அக்ரூட்டு மரத்தில் ஜக்லோன் என்ற பொருள் இருப்பதும், அது தக்காளி போன்ற செடிகளை வாடச் செய்வதும் 1928-ஆம் ஆண்டில் ஆய்வுபூர்வமாக வெளியாயிற்று. ஒரு செடி தான் சுரக்கும் வேதிப்பொருளால் மற்றொரு செடியைப் பாதிக்கும் இயல்புக்கு, ஆஸ்திரிய அறிஞர் ஹன்ஸ் மோலிஷ் 1937-இல் 'அலெலோபதி' என்று பெயரிட்டார். பகை என்று முன்னோர் கூறியதன் ஒரு பகுதி, இவ்வாறு வேதியியலில் இடம்பெற்றது.

நம் நாட்டு நூல்கள் இவ்வினாவை வேறொரு கோணத்தில் அணுகின. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் மரஞ்செடிகளைப் பேணும் முறைக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளார். தோட்டம் அமைக்குமுன் நிலத்தில் எள் விதைத்து, அது பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் விதி. மரங்களுக்கிடையே இருபது முழம் விடுதல் உத்தமம், பதினாறு மத்திமம், பன்னிரண்டு அதமம் என்றும், கிளைகளும் வேர்களும் ஒன்றோடொன்று நெருக்கினால் பலன் குன்றும் என்றும் அவர் கூறுகிறார். நட்பு, பகை என்னும் சொற்களைவிட, முன்னே வளர்ந்தது எது, எவ்வளவு இடைவெளியில் வளர்கிறது என்ற கணக்கே அவருக்கு முக்கியமாகத் தோன்றியது. நாம் பின்னால் காணப்போகும் ஆராய்ச்சிகளை நோக்கும்போது, இக்கணக்கின் அருமை விளங்கும்.

சுரபாலர் என்பவர் இயற்றிய விருட்சாயுர்வேதத்தின் ஏட்டுப்பிரதி இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள போட்லியன் நூலகத்தில் இருந்தது. செகந்தராபாத்தில் ஏற்பட்ட ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை, அதனை 1996-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தது. வாய்விடங்கம், கடுகு முதலிய மருந்துச் சரக்குகளைக் கொண்டு மரஞ்செடிகளின் பிணியை நீக்கும் முறைகள் அதில் கூறப்பட்டுள்ளன. மனிதனுக்கு மருந்தான மூலிகை செடிக்கும் மருந்தாகும் என்ற எண்ணம் நம் முன்னோரிடம் வேரூன்றியிருந்தமைக்கு அந்நூல் ஒரு சான்று.

உழவர்களின் நடைமுறையோ நூல்களுக்குக் காத்திருக்கவில்லை. கோதுமையோடு கடலையும், கம்போடு துவரையும் கலந்து விதைப்பது வடநாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். கட்வால் மலைப்பகுதியில் கேழ்வரகு, தண்டுக்கீரைத் தானியம், பயறு வகைகள் முதலிய பலவற்றை ஒரே நிலத்தில் சேர்த்துப் பயிரிடும் முறைக்குப் 'பாரா நாஜா', அதாவது பன்னிரு தானியம், என்று பெயர். மெக்சிகோ நாட்டிலும் மக்காச்சோளம், அவரையினம், பூசணி ஆகிய மூன்றையும் சேர்த்து வளர்த்தல் மிகப் பழைய முறை. சோளத்தட்டை அவரைக்குக் கொழுகொம்பாகிறது. அவரை தன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகிறது. பூசணியின் அகன்ற இலை களையை அடக்கி ஈரத்தைக் காக்கிறது.

இத்தகைய கலப்புப் பயிரைக் கண்ட ஆங்கில அதிகாரிகள் பலர், ஒழுங்கற்ற சாகுபடி என்றே முதலில் எண்ணினர். அவ்வெண்ணத்தை மறுத்தவர்களுள் முக்கியமானவர் வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியலறிஞர். 1889-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து நாடெங்கும் சுற்றிப் பார்த்த அவர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்தியக் குடியானவர் பயிர்ச் சுழற்சி அறியாதவர் என்பது பிழை என்றும், ஒரே நிலத்தில் பல பயிர்களைச் சேர்த்து வளர்ப்பதும் ஒருவகைச் சுழற்சியே என்றும் எடுத்துக்காட்டினார்.

அவருக்குப்பின் வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலறிஞராக அமர்ந்த அவரும், அவர்தம் மனைவியாரும் ஆராய்ச்சித் துணைவருமான கேப்ரியேல் அம்மையாரும், அண்டைக் கிராமத்துக் குடியானவர்களின் வயல்களையே பாடசாலையாகக் கொண்டனர். குடியானவரும் பூச்சிகளுமே தமது ஆசிரியர்கள் என்பது ஹோவர்டின் கொள்கை. தானியமும் பயறும் சேர்ந்து வளரும் கலப்புப் பயிரில், மேலைநாட்டு விஞ்ஞானம் பின்னரே கண்டறியத் தொடங்கிய உண்மையைக் கீழைநாட்டு உழவர் முன்னமே கையாண்டு வந்தனர் என்று 1940-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்த பீகார் பூகம்பத்தில் பூசா நிலையத்தின் கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிலையம் டில்லிக்கு மாற்றப்பட்டது. டில்லிவாழ் தமிழர் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் பூசா என்னும் பெயர், அந்தப் பீகார்ச் சிற்றூரிலிருந்து வந்ததேயாகும்.

சுதந்திரம் வந்த காலத்தில் நாட்டை வாட்டியது உணவுப் பஞ்சம். 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் 1943-இலேயே தொடங்கியிருந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, டில்லி மாளிகை நிலத்தின் ஒரு பகுதியைக் கோதுமைச் சாகுபடிக்கு ஒதுக்கி மக்களுக்கு வழிகாட்டினார். அதே காலத்தில் மேலைநாட்டிலிருந்து ஒரு புதிய மருந்து வந்து சேர்ந்தது. டி.டி.டி. என்னும் அப்பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு தெளிப்பில் பூச்சி மடியும்போது, எதன் பக்கத்தில் எதை நடுவது என்று ஆராய வேண்டிய அவசியம் எங்கே? துணைச் செடி பற்றிய பேச்சு பாட்டி கதையோடு சேர்க்கப்பட்டது.

ஆனால் பூச்சிகள் அவ்வளவு எளிதில் தோற்கவில்லை. முட்டைக்கோசையும் காலிபிளவரையும் துளைத்துண்ணும் வைரமுதுகு அந்துப்பூச்சி இந்தியாவில் 1914-இல் பதிவு செய்யப்பட்டது. அப்பூச்சி டி.டி.டி.க்கு மசியாத நிலை அடைந்துவிட்டதென்று 1953-இல் ஜாவாவிலிருந்து அறிக்கை வந்தது. பின்னர் பஞ்சாபிலும் அதே நிலை காணப்பட்டது. ஒரு மருந்து பயனற்றுப்போனால் வேறொரு மருந்து, அதுவும் போனால் அதனினும் கடுமையான மற்றொன்று என்று முட்டைக்கோசு நஞ்சில் குளிக்கலாயிற்று. நம் நாட்டு வேளாண்மையில் டி.டி.டி. 1989-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. பழைய வினாவுக்கு மறுபடியும் மதிப்பு ஏற்பட்டது இச்சூழ்நிலையில்தான்.

இதற்கிடையே, துணைச் செடிகளைப் பற்றிய வேறொரு பேச்சு அமெரிக்காவில் பரவியிருந்தது. அதனைப் பரப்பியவருள் ஒருவர் இந்தியாவுக்குப் புதியவர் அல்லர். காந்தியடிகளுடன் சபர்மதி ஆசிரமத்தில் தங்கியவரும், இமயமலைச் சாரலிலுள்ள கோட்கட் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவரும், அகிம்சையின் ஆற்றலைப் பற்றி 1934-இல் நூல் எழுதியவருமான ரிச்சர்ட் கிரெக்கே அவர். ஹெலன் பில்பிரிக் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய துணைச் செடிகள் பற்றிய நூல் 1966-இல் வெளியாயிற்று. எந்த மூலிகை எந்தக் காய்க்கு நண்பன், எது பகை என்ற நீண்ட வரிசை அதில் உண்டு. பிற்காலத்துத் தோட்ட நூல்களில் காணும் பட்டியல்கள் பலவற்றுக்கு அதுவும் ஒரு மூலமாக அமைந்தது. ஆனால் அதிலுள்ள முடிவுகளுள் பல, வயலில் பயிரிட்டு எடை போட்டுக் கண்டவை அல்ல. செம்பு உப்புக் கரைசலில் செடிச்சாற்றைக் கலந்து, அது படிகமாகும் உருவத்தைப் பார்த்து ஊகித்தவை. கிரெக் மேன்மைமிக்க மனிதர் என்பதில் ஐயமில்லை. எனினும் நல்லவர் சொன்னார் என்பதனால் தக்காளி நன்கு காய்த்துவிடாது.

வயலில் சோதித்துக் கண்டவற்றுள் முதலிடம் பெறுவது செண்டுமல்லி. வடநாட்டார் கேந்தா என்றழைத்து விழாவுக்கும் வழிபாட்டுக்கும் மாலை தொடுக்கும் இச்செடி, மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர் வழியே உலகெங்கும் பரவியது. இதன் சிறப்பை உணர, மண்ணுக்குள் வாழும் ஒரு பகைவனை முதலில் அறிய வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு என்பது கண்ணுக்குப் புலனாகாத புழு. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கிச் செடியை நலியச் செய்வது. இந்தியாவில் இப்புழுவை முதலில் பதிவு செய்தவர் பார்பர் என்னும் தாவரவியலறிஞர். 1901-ஆம் ஆண்டில், நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில், தேயிலை வேரில் அதனைக் கண்டார்.

ஹாலந்து நாட்டு மலர்த் தோட்டங்களில் செண்டுமல்லி வளர்ந்த மண்ணில் நூற்புழு குறைவதை ஆராய்ச்சியாளர் கவனித்தனர். அதன் வேரிலுள்ள ஆல்ஃபா டெர்தையெனில் என்னும் பொருள் நூற்புழுவைக் கொல்ல வல்லது என்பதை 1958-இல் டச்சு விஞ்ஞானிகள் இருவர் நிறுவினர். ஹாலந்தில் ரோஜாப் பாத்திகளில் செண்டுமல்லியை நட்டு நூற்புழுவைக் குறைத்த செய்தியை, 1962-இல் வெளியாகி உலகையே விழிப்புறச் செய்த தம் நூலில் ரேச்சல் கார்சன் அம்மையார் எடுத்துக்காட்டினார். ஆயின் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பாத்தி மூலையில் அழகுக்காக இரண்டு செடி வைத்தால் இப்பயன் கிட்டாது. பாத்தி முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, ஏறத்தாழ இரண்டு மாதமேனும் வளரவிட்டு, அதன்பின் காய்கறி நடுதல் வேண்டும். துணையென்பது அருகில் நிற்பது மட்டுமன்று, முன்னே வந்து இடத்தைச் செப்பனிட்டுச் செல்வதும் துணையே. எள்ளை முதலில் விதைக்கச் சொன்ன வராகமிகிரர் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

நம் நாட்டின் சொந்த ஆராய்ச்சியும் குறைந்ததன்று. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் 1967-இல் ஏற்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், முட்டைக்கோசைக் காக்கக் கடுகைப் பொறிப்பயிராக வைத்துச் சோதித்தனர். 1991-இல் வெளியான முடிவு இது: இருபத்தைந்து வரிசை முட்டைக்கோசுக்கு இருபுறமும் கடுகு இருக்குமாறு அமைத்தால், வைரமுதுகு அந்துப்பூச்சி கோசைவிடக் கடுகையே பெரிதும் நாடி முட்டையிடுகிறது. கோசு நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு வரிசைக் கடுகும், நட்டு இருபத்தைந்து நாள் கழித்து மற்றொரு வரிசையும் விதைக்க வேண்டும். கோசு வளரும் காலமெல்லாம் இளங்கடுகு இருந்துகொண்டிருத்தல் அவசியம். அவ்வாறே தக்காளியின் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி பொறியாயிற்று. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது கணக்கு. தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் வயதினதாயின், செண்டுமல்லி நாற்று நாற்பத்தைந்து நாள் வயதினதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒருங்கே பூக்கும்; அந்துப்பூச்சி மஞ்சட் பூவை நாடிச் செல்லும்.

இனி, மணமுள்ள மூலிகைகள் பூச்சியை விரட்டும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். துளசி, புதினா, கற்பூரவல்லி போன்றவற்றின் வாசனை தாங்காமல் பூச்சி ஓடிவிடும் என்று பலரும் கூறுவர். இங்கிலாந்தின் வெல்ஸ்போர்ன் ஆராய்ச்சி நிலையத்தார், கோசையும் வெங்காயத்தையும் தாக்கும் ஈக்களைக் கொண்டு இதனைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். மணமுள்ள செடிகள் மணமற்ற செடிகளைவிட அதிகமாகப் பூச்சியைக் குழப்பவில்லை. ஆனால் வெற்று மண்ணில் தனித்து நின்ற கோசைவிட, வேறு பசுஞ்செடிகள் சூழ நின்ற கோசில் முட்டைகள் குறைந்தன. காரணம் இது: பூச்சி தனக்குரிய செடியின் மணத்தை உணர்ந்து இறங்கும்போது, எது பச்சையாகத் தெரிகிறதோ அதன்மீது அமர்கிறது. சுற்றிலும் மண்ணாயிருந்தால் கோசின்மீதே அமரும். சுற்றிலும் பசுமை இருந்தால் பலமுறை வேற்றிலையில் அமர்ந்து ஏமாந்து, சலித்துப் பறந்துவிடும். ஆகவே உழவர் கண்ட பயன் உண்மை. அதற்கு மற்றவர் கற்பித்த காரணமே மாறிற்று. கலந்து விதைத்த குடியானவரின் வயலில் வெற்று மண் குறைவு என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூலிகைகள் வேறொரு வழியில் உதவுகின்றன. கொத்துமல்லி, சோம்பு, சதகுப்பை ஆகியவற்றின் பூக்கள் குடைபோல் விரிந்து, சிறு பூச்சிகளும் எட்டக்கூடியவாறு தேனை வெளிப்படையாக வைத்திருப்பவை. அத்தேனை நாடி நுண்குளவிகளும், அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் மலர் ஈக்களும், பொறிவண்டுகளும் வருகின்றன. மலர் ஈயின் புழுவும் பொறிவண்டும் அசுவினியை உண்பவை. குளவிகளோ காய்ப்புழுவின் முட்டையிலும் உடலிலும் தம் முட்டையை இட்டு அதனை அழிப்பவை. இலைக்காகக் கொத்துமல்லியை இளமையிலேயே பிடுங்கிவிடும் இல்லத்தில் இந்நன்மை கிட்டாது. பாத்திக்கு நாலைந்து செடியையேனும் பூக்கவிட வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து, சிறு தோட்டம் உடையோர் கைக்கொள்ளத்தக்கவை எவை? வடநாட்டில் வாழ்வோர் மாரிக்காலப் பயிருக்குப் பின் பாத்தியைப் பிரிக்கும்போது, பிடுங்கிய கத்தரிச் செடியின் வேரை நோக்குக. முடிச்சுகள் காணப்பட்டால், அந்தப் பாத்தியில் அடுத்து வருவது செண்டுமல்லியாக இருக்கட்டும். கோசு நடுமுன் பாத்தியின் இருபுறமும் கடுகு விதைக்கலாம். ஆனால் சிறு பாத்தியில் கடுகைக் கவனியாது விட்டால் அதுவே பூச்சிக்குப் பண்ணையாகிவிடும். இலையில் புழு கண்டவுடன் அச்செடியைப் பிடுங்கி அழித்தல் வேண்டும். தக்காளிக்கிடையே துளசி வைத்தால் குறையொன்றுமில்லை. மணத்தை நம்பாமல், மண்ணை மூடும் பசுமைக்காக வைக்கலாம். புதினாவோ தரையில் வேரோடிப் பாத்தியையே கவர்ந்துகொள்ளும் இயல்புடையது. அதனைத் தொட்டியில் வைத்தலே நலம். கற்பூரவல்லி டில்லிக் குளிரின் உறைபனியைத் தாங்காது. கிள்ளி வைத்த கொம்பு ஒன்றை வீட்டுக்குள் காப்பாற்றினால் மாசியில் மறுபடி நடலாம்.

இம்முறைகள் மட்டுமே எல்லாப் பூச்சியையும் ஒழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஹெசரகட்டா ஆராய்ச்சியாளரும் கடுகோடு நிறுத்தாமல் வேப்பங்கொட்டைச் சாற்றையும் துணைக்கொண்டனர். பூச்சியின் தொல்லையைத் தாங்கும் அளவுக்குக் குறைப்பதே துணைச் செடியால் ஆகும் காரியம். அவ்வளவு குறைந்தாலும், தெளிக்கும் நஞ்சு பெருமளவு குறையும்.

பழமை கூறிய அனைத்தும் மெய்யென்று ஏற்றவர்கள் கிரெக்கின் பட்டியலில் மயங்கினர். அனைத்தும் பொய்யென்று தள்ளியவர்கள் டி.டி.டி.யை நம்பி ஏமாந்தனர். வோல்க்கரும் ஹோவர்டும் ஹெசரகட்டாவினரும் செய்தது வேறு. உழவர் செய்வதை முதலில் மதிப்புடன் பார்த்தனர். பிறகு அளந்து பார்த்தனர். அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. ஒரு பாத்தியில் துணைச் செடியோடும் மற்றொரு பாத்தியில் துணையின்றியும் தக்காளி நட்டு, காய்களை எண்ணிக் குறித்துவைக்கப் பள்ளி மாணவர்க்கும் இயலும்.

வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்ப்போர்க்கு நிலம் சொந்தமன்று. மூன்றாண்டிலோ ஐந்தாண்டிலோ மாற்றல் உத்தரவு வரும். பாத்தியைப் பின்வருபவரிடம் விட்டுச்செல்ல வேண்டியதே. அவர் வங்காளியாகவோ, மலையாளியாகவோ, பஞ்சாபியாகவோ இருக்கலாம். நஞ்சு குறைந்ததும், நூற்புழு தணிந்ததும், கொத்துமல்லி தானே உதிர்ந்து முளைப்பதுமான மண்ணை அவருக்கு விட்டுச்செல்வோமாயின், அதுவும் நாட்டுக்குச் செய்யும் ஒரு சிறு பணியேயாகும்.